கேட்சருக்குப் போகும் கடைசிப் பந்து

பந்தைத் தூரமாக அடிப்பதைவிட நேர் மேலே அடிப்பதுதான் கடினம் என்று என் கணவர் வெர்லின் சொல்வார். இருபத்திரண்டு ஆண்டுகள் எங்கள் சின்னக் கல்லூரியின் பேஸ்பால் அணிக்கு அவர்தான் கோச். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் பத்து நிமிடம் அணி முழுவதையும் களத்தில் நிறுத்தி, அவரவர் நிற்கும் இடத்துக்குப் பந்தை அடித்துக் கொடுப்பார். அதற்கென்றே ஃபங்கோ என்று ஒரு பேட் உண்டு. நீளமாக, மெலிந்து, கையில் எடுத்தால் எடையே தெரியாது. எல்லோருக்கும் அடித்து முடித்த பிறகு கடைசிப் பந்து, அடிப்பவருக்குப் பின்னால் முகமூடியோடு நிற்கும் கேட்சருக்கு. அது தரையோடு போகக் கூடாது. அவன் தலைக்கு மேலே, விளக்குக் கம்பத்தையும் தாண்டி ஏற வேண்டும். கேட்சர் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு அண்ணாந்து நிற்பான். அவன் அதைப் பிடித்ததும் மொத்த அணியும் கத்திக்கொண்டு உள்ளே ஓடிவரும். அதற்குப் பிறகுதான் ஆட்டம்.

அந்தப் பந்தைக் கோணலாக அடிக்கும் கோச்சைப் பார்த்து எதிரணி பெஞ்சே சிரிக்கும். சொந்தப் பையன்களோ விடவே மாட்டார்கள். மற்ற நேரமெல்லாம் கோச்சின் முன்னால் வாயைத் திறக்காதவன்கூட அந்தப் பத்து நிமிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். "கோச், கண்ணாடிய வீட்ல வச்சிட்டீங்களா?" என்பான் ஒருவன். "அந்தப் பந்து பென்ஷன் வாங்கப் போயிடுச்சுடா," என்பான் இன்னொருவன். வெர்லினும் சும்மா இருக்க மாட்டார். "உன் கையுறையில ஓட்டையா, இல்ல கையிலயா?" என்று திருப்பிக் கொடுப்பார். பத்து நிமிடம் முடிந்ததும் அவர்கள் மறுபடி மாணவர்கள், அவர் மறுபடி கோச்.

அவருடைய கடைசி சீசனின் ஜனவரியில் டாக்டர் எங்களை உட்கார வைத்துப் படங்களைக் காட்டினார். கணையத்தில் புற்றுநோய். அங்கிருந்து கல்லீரலுக்கும் போயிருந்தது. வசந்தத்தைப் பார்த்துவிடலாம், கோடையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்றார்.

வெளியே வந்து காரின் முன்கண்ணாடியில் உறைந்திருந்த பனிக்கட்டியை வெர்லின் சுரண்ட ஆரம்பித்தார். நான் எதிர்ப்பக்கம் நின்றேன்.

"ஏப்ரல் மூணு," என்றார்.

"என்ன ஏப்ரல் மூணு?"

"முதல் ஆட்டம். நம்ம மைதானத்துல."

"வெர்லின், டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. அதனாலதான் சொல்றேன். அதுவரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. கோர்டிக்குக்கூட." கோர்டி அவருடைய உதவிக் கோச், பதினோரு வருடமாகக் கூட இருப்பவர். "அன்னைக்கு நான் நின்னு அடிச்சுக் குடுத்து சீசனைத் தொடங்கி வைக்கிறேன். அப்புறம் நீ என்னை எந்த ஆஸ்பத்திரில வேணா படுக்க வை."

"தெரிஞ்சா என்ன? உதவியா இருப்பாங்க இல்ல?"

"என்னைப் பாவமா பாக்கிற பையனை நான் எப்படித் திட்டுறது ஆர்டிஸ்? திட்டாம எப்படி ஆட வைக்கிறது?"

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வாய் மூடி இருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான். சரி என்றேன்.

எங்கள் ஊரில் நவம்பரில் விழும் பனி மார்ச் கடைசிவரை தரையை விடாது. அதுவரை பயிற்சி ஜிம்முக்குள். பகலில் ஜிம் கூடைப்பந்து அணிக்கு. எங்களுக்கு விடியற்காலை ஆறு மணி. நான் அவரைக் காரில் கூட்டிப் போனேன். கல்லூரி நூலகத்தில்தான் எனக்கு வேலை என்பதால், திறக்கும் நேரம் வரை இங்கே உட்கார்ந்து படிக்கிறேன் என்று பையன்களிடம் சொல்லி வைத்தேன். மரத்தரையில் பந்து வழுக்கிக்கொண்டு வரும். சுவரோரம் வலை கட்டி, பச்சைக் கம்பளம் ஒட்டிய பலகை மேட்டில் நின்று பிட்சர்கள் எறிவார்கள். பந்து கையுறையில் விழும் சத்தம் கூரையில் முட்டித் திரும்பும்.

அந்தக் கூரைதான் வெர்லினுக்குக் கவலை. அதன் கீழே கேட்சர் பந்தை அடித்துப் பார்க்க முடியாது. மற்றதெல்லாம் சமாளிக்கலாம், அந்த ஒன்றுக்குத் தன் கையில் இன்னும் வலு இருக்கிறதா என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் கோட்டைக் கழற்றாமலே கொல்லைப்புறம் போனார். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முழங்கால் அளவு பனியில் நின்றுகொண்டு ஒன்பது பந்துகளை அடித்தார். ஒன்றுகூட மேலே போகவில்லை. எல்லாம் முன்னால் போய்ப் பனியில் புதைந்தன. அவற்றை ஏப்ரலில் நான்தான் பொறுக்கி எடுத்தேன். உள்ளே வந்து, "கோட்டு தடுக்குது," என்றார்.

பிப்ரவரியில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டும் மெலிவு தெரிந்தது. வயிற்றில் புண், டாக்டர் பீரை நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று பையன்களிடம் சொன்னார்.

"பீரை விட்டா இவ்ளோ மெலியலாமா கோச்? எங்கப்பாவை அனுப்புறேன், கொஞ்சம் பேசுங்க," என்றான் சமோரா. இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே, ஷார்ட்ஸ்டாப்பில் ஆடுகிறவன். டெக்ஸாஸிலிருந்து வந்த சின்ன உருவம். அணியின் வாய் அவன்தான்.

"முதல்ல நீ அவரை மாதிரி வேலைக்குப் போ. அப்புறம் அவர் பீரைப் பத்திப் பேசலாம்," என்றார் வெர்லின்.

அந்த மாதக் கடைசியில் ஒரு காலை. தரைப் பந்துகளை அடித்துக்கொண்டிருந்தார். இடது கையால் பந்தைத் தூக்கிப் போட்டு பேட்டை வீசினார். பேட் பந்தைத் தொடாமல் வெறும் காற்றில் சுழன்றது. பந்து அவருடைய ஷூ மேலேயே விழுந்து உருண்டது.

ஜிம் அதிர்ந்தது. இருபத்தாறு பேர் சிரித்தார்கள். சமோரா முதுகை வளைத்து, பேட்டைக் கைத்தடிபோல ஊன்றி, கை நடுங்க நடுங்க மரத்தரையில் ஒரு சுற்று நடந்தான். "யாராவது என்னை வீட்ல விடுங்கப்பா, என் வீடு எதுன்னு மறந்துபோச்சு," என்று கிழவன் குரலில் பேசினான். ஒருவன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது வெர்லின்தான்.

"சமோரா! இந்த நடையே போன வருஷம் நீ ஓடினதைவிட வேகமா இருக்குடா. இப்படியே ஆடு!"

வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னார். சாலையோரப் பனியில் குனிந்து வாந்தி எடுத்தார். நான் முதுகைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே வந்து உட்கார்ந்து வாயைத் துடைத்துவிட்டு, "இன்னைக்கு நல்லா இருந்துச்சு," என்றார். நான் பார்த்ததெல்லாம் பனியில் கிடந்த மஞ்சள் நிறம் மட்டும்தான். அவர் சொன்ன வார்த்தை காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து நான் அந்தத் தவறைச் செய்தேன்.

கேட்சர் ஹாகன் நூலகத்தில் என்னிடம்தான் பகுதிநேர வேலை பார்த்தான். பால் பண்ணைக்காரர் வீட்டுப் பையன். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. கடைசி வருடம். புத்தக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவன் என் மேஜையருகே நின்றான்.

"மிசஸ் டோஸ்ட்ரூட், கோச்சுக்கு வயித்துப் புண் இல்ல, இல்லையா?"

"ஏன் கேக்குற?"

"எங்க மாமாவுக்கும் கண்ணு இப்படித்தான் மஞ்சளாச்சு."

பொய் சொல்லியிருக்கலாம். பத்துப் பொய்களாவது தயாராக வைத்திருந்தேன். ஆனால் கண்ணுக்குள் சமோரா கைத்தடி ஊன்றி நடந்துகொண்டே இருந்தான்.

"பசங்களைக் கொஞ்சம் அடங்கி இருக்கச் சொல்லு," என்றேன். "அவரை நடிச்சுக் காட்ட வேண்டாம்னு சொல்லு. காரணம் மட்டும் சொல்லாத."

"எவ்ளோ நாள் இருக்கு?"

அதையும் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுக்குகளுக்கு நடுவே போனான். அன்று அவன் அடுக்கிய வரிசை முழுவதையும் மறுநாள் நான் மாற்றி அடுக்க வேண்டியிருந்தது.

இருபத்தைந்து பேரிடம் காரணம் சொல்லாமல் எப்படி அடங்கி இருக்கச் சொல்வது என்று நான் யோசிக்கவில்லை. அவன் மறுநாளே உடை மாற்றும் அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. ஏனென்றால் அந்த வாரமே வெர்லினுக்குக் காய்ச்சல் வந்து, பித்தக் குழாயின் அடைப்பை எடுக்க ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பையன்களுக்குச் சொன்னது பித்தப்பையில் கல் என்று. மார்ச் மாதம் முழுவதும் அவர் ஜிம்முக்கு வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். அடித்துக் கொடுத்தது கோர்டி.

அந்த மாதத்தில் எங்கள் வாசலில் சாப்பாட்டுப் பாத்திரங்கள் வர ஆரம்பித்தன. மாட்டிறைச்சியும் காளான் சாறும் போட்டு, மேலே உருளைக்கிழங்கு பரப்பி அடுப்பில் வைத்தது. பாத்திரத்துக்கு அடியில் வீட்டுக்காரி பெயர் எழுதி ஒட்டிய பட்டை. எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குத்தான் அப்படிக் கொண்டுபோய் வைப்போம்.

"யாரு செத்தது?" என்றார் வெர்லின், மூடியைத் திறந்து பார்த்து.

"கோர்டி வீட்ல நிறைய செஞ்சுட்டாங்களாம்."

பாத்திரத்தைத் தூக்கி அடியிலிருந்த பெயரைப் பார்த்தார். அது கோர்டி மனைவியின் பெயர்தான். கீழே வைத்துவிட்டு இரண்டு கரண்டி சாப்பிட்டார்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி முதல்முறையாக வெளியே போனோம். ஆட்டத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. பையன்கள் காலையிலிருந்தே மண்வாரியும் தள்ளுவண்டியுமாக மைதானத்துப் பனியை வாரிக் கொட்டியிருந்தார்கள். உள்வட்டம் மட்டும் கறுப்பாக, சொதசொதவென்று தெரிந்தது. வெளியே இன்னும் வெள்ளைதான். தானியக் கிடங்குப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. கேட்சர் நிற்கும் இடத்துக்குப் பின்னாலுள்ள கம்பிவேலியை ஒட்டி வண்டியை நிறுத்தினேன். வெர்லின் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு இறங்கினார்.

கோர்டி ஃபங்கோவைக் கையில் கொடுத்தார். "பாதி நீங்க அடிங்க, பாதி நான் அடிக்கிறேன்."

"முழுசும் நான்தான்," என்றார் வெர்லின்.

கேட்க வேண்டும் என்று ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்தேன். முதல் பந்து மூன்றாம் பேஸுக்கு. பாதி வழியிலேயே சேற்றில் நின்றுவிட்டது. அங்கிருந்த பையன் ஓடிவந்து எடுத்து எறிந்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது ஷார்ட்ஸ்டாப்புக்கு. அது அவன் இருந்த பக்கமே போகவில்லை. சமோரா பாய்ந்தான், சேற்றில் மார்போடு வழுக்கிப் போய்ப் பிடித்தான், முழங்காலில் எழுந்து எறிந்தான்.

"நல்ல அடி, கோச்!" என்றான்.

வெர்லின் பேட்டைத் தாழ்த்தினார்.

"என்ன சொன்ன?"

"நல்ல அடின்னு சொன்னேன் கோச்."

"அது நல்ல அடியா?"

சமோரா தரையைப் பார்த்தான். முகத்திலிருந்து சேறு சொட்டியது.

வெர்லின் இன்னொரு பந்தை எடுத்தார். வேண்டுமென்றே கோட்டுக்கு வெளியே, பெஞ்சுப் பக்கம் அடித்தார். "இது எப்படி?"

சமோரா முகத்துச் சேற்றைத் துடைத்தான்.

"வாயைத் திறங்கடா. இவ்ளோ மோசமா அடிச்சா சும்மா விடுவீங்களா என்னை? ஹாகன், நீ சொல்லு."

"காத்து கோச்," என்றான் ஹாகன். "காத்து இழுத்துட்டுப் போகுது."

வெர்லின் களத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒவ்வொருவராக. அவர் பார்வை வந்ததும் ஒவ்வொருவனும் கையுறையைச் சரிசெய்துகொண்டான். பிறகு, மற்றவர்களுக்கு அடிக்காமலே, பந்தைத் தூக்கிப் போட்டு மேல்நோக்கி வீசினார். அது கேட்சர் பந்து. பேட்டின் விளிம்பில் பட்டு, இரண்டு ஆள் உயரம் ஏறி, பின்பக்கம் என் வண்டியை நோக்கி வந்தது. எந்தக் கேட்சரும் அதற்காக ஒரு அடி எடுத்து வைக்க மாட்டான். சாதாரண நாளாக இருந்தால் இருபத்தாறு வாயும் ஒன்றாகத் திறந்திருக்கும். ஹாகன் முகமூடியை எறிந்துவிட்டு ஓடிவந்தான். வேலியோரம் வாரிக் குவித்திருந்த பனியில் அந்தப் பெரிய உடம்பு அப்படியே விழுந்தது. பந்து அவன் விரல் நுனியில் பட்டு நழுவியது.

"என் தப்பு கோச்," என்றான், முகத்தைத் தூக்காமலே. "நான் லேட்டு."

வெர்லின் நடந்து வந்து அவனருகே நின்றார். அவனைப் பார்க்கவில்லை. வேலியின் வழியாக, கண்ணாடியின் வழியாக என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது.

"எழுந்திரு ஹாகன். நனையுற."

ஃபங்கோவைக் கோர்டியிடம் நீட்டினார். "மிச்சத்தை நீ அடி."

"கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாங்க வெர்லின். அப்புறம் பாக்கலாம்."

"நீ அடி கோர்டி."

காரில் ஏறி உட்கார்ந்தார். நான் வண்டியைக் கிளப்பினேன். தானியக் கிடங்கைத் தாண்டியதும் கேட்டார்.

"ஹாகன்கிட்டயா சொன்ன?"

"ஆமா."

"எப்போ?"

"பிப்ரவரி கடைசியில."

"அப்போ ஒரு மாசமா எல்லாருக்கும் தெரியும். நான் அங்க உக்காந்து கல்லு கில்லுன்னு கதை விட்டுட்டு இருந்தப்போ தெரியும்."

"அவங்க உன்னைக் கேலி பண்ணினதை என்னால பாக்க முடியல வெர்லின்."

"ஆமா. பண்ணினாங்க." வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகு சொன்னார். "ஆர்டிஸ், அந்த ஜிம்முல இருக்கிறப்போ மட்டும்தான் நான் சாகாம இருந்தேன்."

அவர் கத்தியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். இருபத்திரண்டு வருடம் வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தப் பத்து நிமிடங்களைப் பார்த்தவள் நான். ஊரில் வேறு எவள் இதைச் செய்திருந்தாலும், உனக்குத் தெரியாது, நீ வெளியாள் என்று சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை கல்லூரிக்குப் போன் செய்து அணியைக் கோர்டியிடம் கொடுக்கச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் பேசி முடித்தார். அதன் பிறகு அவர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தால் நன்றி என்றார். தலையணையைச் சரிசெய்தால் நன்றி என்றார். காபி சூடு போதாதபோதும் நன்றாக இருக்கிறது என்று குடித்தார். முன்பு காபி ஆறியிருந்தால், "இதை என்ன, போன வாரமே போட்டியா?" என்று கேட்கிற மனிதர்.

மூன்றாம் தேதி ஆட்டம் ஒரு மணிக்கு. போக வேண்டாம் என்று சொல்லியிருந்தவர், பன்னிரண்டரைக்கு எழுந்து கோட்டை எடுத்தார். "சிரமம் இல்லைன்னா கொண்டுபோய் விடுறியா?" என்றார். மைதானத்துக்குள் போகவில்லை. வலதுபக்க வேலிக்கு வெளியே, சாலையில் நிறுத்தச் சொன்னார்.

கோர்டி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தரைப் பந்துகள் முடிந்தன. கேட்சர் பந்து. முதலாவது எதிரணி பெஞ்சுக்குள் போனது. அவர்கள் எழுந்து கைதட்டினார்கள். இரண்டாவது தரையில் உருண்டது. எங்கள் பையன்களின் சத்தம் மூடிய கண்ணாடிக்குள் மெல்லக் கேட்டது. வெர்லின் தன் பக்கத்து ஜன்னலை இறக்க முயன்றார். கைப்பிடியைச் சுற்ற முடியவில்லை. நான் என் பக்கத்து ஜன்னலை இறக்கினேன். குளிரும் குரல்களும் ஒன்றாக உள்ளே வந்தன.

"கோர்டி, வானம் மேல இருக்கு!"

"யாராவது அவருக்குக் கை நீட்டிக் காட்டுங்கடா!"

"ஹாகன், நாற்காலி போட்டு உக்காரு, ராத்திரி ஆயிடும்!" அது சமோராவின் குரல்.

மூன்றாவதும் கோணல். வெர்லின் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான்காவது ஒருவழியாக மேலே ஏறியது. ஹாகன் பிடித்தான். எல்லோரும் கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அவன் மட்டும் ஓடவில்லை. எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டான். பனியை வாரி எடுத்திருந்த வெளிக்களத்தின் ஈரப் புல்லைக் கடந்து, கேட்சர் கவசத்தோடு, வேலிவரை வந்தான்.

"கோச்! வண்டிய எடுங்க! நான் இன்னைக்கு இங்கதான் அடிக்கப் போறேன், கண்ணாடி போயிடும்!"

கடைசி வார்த்தையில் அவன் குரல் உடைந்தது.

வெர்லின் என் மேல் சாய்ந்து ஜன்னலருகே முகத்தைக் கொண்டுவந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. "அதுக்கு முதல்ல நீ பந்தைத் தொடணும்டா!" என்றார்.

ஹாகன் சிரித்தான். தேவைக்கு மேல் சத்தமாக, தேவைக்கு மேல் நீளமாக. சிரித்து முடித்த பிறகு கையுறையைத் தூக்கிக் காட்டியபடி நின்றான். அடுத்து என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. வெர்லினுக்கும் தெரியவில்லை. நடுவர் கூப்பிட்டார். அவன் திரும்பி ஓடினான்.

"நல்ல பையன்," என்றார் வெர்லின். தன் இருக்கையில் சாய்ந்துகொண்டார். "போகலாம்."

"இன்னும் ஆட்டமே தொடங்கலையே."

"தெரியும். போகலாம்."

ஒலிபெருக்கியில் தேசிய கீதம் போட்டார்கள். களத்தில் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். அது முடியும்வரை இருந்துவிட்டு வண்டியைத் திருப்பினேன். ஜூன் ஒன்பதாம் தேதி வரை அவர் இருந்தார். அந்த ஆட்ட நாளுக்குப் பிறகு மைதானத்தைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

அன்று வண்டி வேகம் பிடித்ததும் காற்று பலமாக உள்ளே அடித்தது. ஜன்னலை ஏற்றட்டுமா என்று கேட்டேன்.

"உனக்கு எப்படி வசதியோ அப்படிச் செய்," என்றார்.